ஒன்றரைக் கிலோவில் தொடங்கிய முழங்கால்: ரத்த ஓட்டத்தைக் கட்டுப்படுத்திச் செய்த பயிற்சி – ஒரு நிகழ்வு ஆய்வு

மூட்டுத் தேய்மானம் உள்ள ஒரு பெண்மணிக்கு 14 வாரங்கள் அளித்த தசைப் பயிற்சியின் பதிவு இது. முதல் 8 வாரம் தொடையில் காற்றுப் பட்டை கட்டி, குறைந்த எடையில் பயிற்சி. அடுத்த 6 வாரம் பட்டையில்லாமல், கூடுதல் எடையில். நடுவில் ஒரு நாள் பட்டை மாறிப்போய்ப் பயிற்சியைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. அதை ஒதுக்கிவிடாமல் எழுதியிருக்கிறோம். நோயாளியின் ஒப்புதல் பெற்று, அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

பின்னணி

வயது 56. அரசுப் பள்ளி ஒன்றின் சத்துணவு மையத்தில் சமையலர். எடை 68 கிலோ, உயரம் 150 செ.மீ. வலது முழங்காலில் ஆறு ஆண்டுகளாக வலி. இடதிலும் உண்டு, ஆனால் லேசாக. எக்ஸ்ரேயில் வலது மூட்டின் உட்பக்க இடைவெளி தெளிவாகக் குறைந்திருந்தது. எக்ஸ்ரேயை வைத்துத் தேய்மானத்தைத் தரம் பிரிக்கும் கெல்கிரென்–லாரன்ஸ் அளவுகோலில் மூன்றாம் நிலை. அறுவை சிகிச்சை இப்போது வேண்டாம், தசையைப் பலப்படுத்திவிட்டுப் பார்ப்போம் என்று எலும்பு மருத்துவர் எழுதி அனுப்பியிருந்தார்.

ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5 மி.கி., சர்க்கரைக்கு மெட்ஃபார்மின். இரண்டும் கட்டுப்பாட்டில் இருந்தன. அவர் சொன்ன சிரமங்கள் மூன்று: பேருந்தின் முதல் படியில் வலது காலை வைத்து ஏற முடியவில்லை, காய் நறுக்கத் தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்துத்தான் எழ முடிகிறது, சோற்று அண்டாவைச் சரித்து வடிக்கும்போது முழங்கால் 'விட்டுவிடுகிறது'. மூன்றிலும் வலியைவிட பலக்குறைவுதான் முன்னால் நின்றது. கால் விட்டுவிடுகிறது என்று நோயாளி சொன்னால் முன்தொடைத் தசையைச் சந்தேகிக்க வேண்டும்.

பட்டைக்கு முந்தைய எட்டு வாரம்: வழக்கமான பயிற்சி ஏன் நின்றுபோனது

பட்டைக்குப் போவதற்கு முன் வழக்கமான வழியையே கையாண்டோம். உட்கார்ந்த நிலையில் கணுக்காலில் மணல் பை கட்டி முழங்காலை நீட்டும் பயிற்சி, சுவரில் சாய்ந்து பாதி உட்காருதல், படியேறுதல். மணல் பை 2 கிலோ இருந்தவரை தொந்தரவு இல்லை, பலனும் இல்லை. 3 கிலோவைத் தாண்டினால் மறுநாள் மூட்டு வீங்கியது. இப்படி மூன்று முறை. ஒருமுறை வேலைக்கு இரண்டு நாள் விடுப்பு எடுக்க வேண்டி வந்தது. அதன்பின் அவரே மணல் பையைப் பார்த்து முகம் சுளிக்கத் தொடங்கினார்.

வீக்கத்தைக் கண்ணளவில் விடாமல் ஒவ்வொரு முறையும் தடவிப் பார்த்தோம். முழங்காலின் உட்பக்கத்தைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை வழித்து நீரை மேலே தள்ளி, பிறகு வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக வழித்தால், நீர் இருக்கும் மூட்டில் உட்பக்கத்தில் ஒரு சிறு அலை திரும்பும். மூட்டுக்குள் நீர் கோத்திருக்கும்வரை முன்தொடைத் தசைக்குப் போகும் நரம்புக் கட்டளை அடங்கிவிடும். வலியே இல்லாவிட்டாலும் இது நடக்கும். அந்த நிலையில் எடையைக் கூட்டினால் தசை வளராது, வீக்கம்தான் கூடும்.

இந்த எட்டு வார முடிவில் எடுத்த அளவுகள்: முழங்காலை 90 பாகையில் மடக்கி, வாரால் பிணைத்த கைப்பிடி டைனமோமீட்டரில் (தசை தள்ளும் விசையை அளக்கும் கருவி) வலது கால் 14.2 கிலோ, இடது 21.0 கிலோ. வலது, இடதின் 68 விழுக்காடு. 30 வினாடியில் நாற்காலியில் இருந்து கை ஊன்றாமல் எழுந்தது 7 முறை. 60 முதல் 64 வயதுப் பெண்களுக்கே 12க்குக் கீழ் என்றால் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அட்டவணை சொல்கிறது; இவர் அதைவிட இளையவர். முழங்கால் சில்லின் மேல் ஓரத்தில் இருந்து 15 செ.மீ. மேலே தொடைச் சுற்றளவு வலது 46.0, இடது 47.5 செ.மீ. படியேறும்போது வலி பத்துக்கு 7.

பட்டையைத் தேர்ந்த காரணம்

தசை வளரக் கனமான எடை வேண்டும், மூட்டு அதைத் தாங்கவில்லை. இந்த இடுக்கில் இருப்பவர்களுக்குத்தான் இந்த முறை பொருந்தும். தொடையின் மேல்பகுதியில் காற்றுப் பட்டையை இறுக்கினால், காலுக்கு இறங்கும் தமனி ரத்தம் குறைந்த அளவில் போய்க்கொண்டே இருக்கும். திரும்பி ஏறும் சிரை ரத்தம் தேங்கும். தசையில் ஆக்சிஜன் குறைகிறது, லாக்டேட் போன்ற பொருள்கள் சேர்கின்றன. வழக்கமாக லேசான எடைக்கு வேலை செய்யும் மெதுநார்கள் சீக்கிரம் களைத்துவிட, கனமான எடைக்கென்று ஒதுங்கியிருக்கும் வேகநார்களும் வேலைக்கு வந்துவிடுகின்றன. தசைக்குக் கடுமையான உழைப்பு, மூட்டுக்கு லேசான சுமை.

இந்த முறையை உருவாக்கியவர் ஜப்பானின் யோஷியாகி சாட்டோ. 1966இல் ஒரு பௌத்தச் சடங்கில் நெடுநேரம் மண்டியிட்டு அமர்ந்து கால் மரத்தபோது யோசனை பிறந்ததாக அவர் சொல்லியிருக்கிறார். அவர் வைத்த பெயர் காஆட்சு. அழுத்தம் சேர்த்தல் என்று பொருள். மூட்டுத் தேய்மானத்தைப் பொறுத்தவரை எங்கள் முடிவுக்குத் துணை நின்றது 2018இல் வெளியான பிரேசில் ஆய்வு. 48 பெண்கள், 12 வாரம், மூன்று குழுக்கள்: அதிகபட்ச எடையில் 80 விழுக்காடு, வெறும் 30 விழுக்காடு, பட்டையுடன் 30 விழுக்காடு. கன எடைக் குழுவும் பட்டைக் குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு பலம் பெற்றன. ஆனால் கன எடைக் குழுவில் நான்கு பேர் முழங்கால் வலியால் விலக நேர்ந்தது. எங்கள் நோயாளி அந்த நால்வரின் நிலையில்தான் இருந்தார்.

யாருக்குக் கட்டக்கூடாது என்று பார்த்தது

இந்தப் பகுதியை அவசரமாகக் கடந்துவிடுகிறவர்கள் அதிகம். ஜப்பானில் 12,000க்கும் மேற்பட்டோரிடம் எடுத்து 2006இல் வெளியான கணக்கெடுப்பில் தோலடி ரத்தக்கட்டு 13 விழுக்காட்டினருக்கு வந்திருந்தது. தற்காலிக மரப்பு 1.3 விழுக்காடு, சிரையில் ரத்த உறைவு 0.055 விழுக்காடு, நுரையீரல் அடைப்பு 0.008 விழுக்காடு. கடைசி இரண்டும் அரிது. அரிதாகவே இருந்ததற்கு ஆளைத் தேர்ந்ததும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றே நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

கேட்டவை: முன்பு காலில் ரத்தம் உறைந்ததுண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா, சமீபத்தில் அறுவை சிகிச்சையோ நெடும்பயணமோ நடந்ததா, புற்றுநோய் சிகிச்சை, அரிவாள் செல் நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை. எதற்கும் ‘ஆம்’ என்ற பதில் வரவில்லை. பார்த்தவை: இரு கணுக்காலிலும் நாடி, காலுக்கு ரத்தம் தடையின்றிப் போகிறதா என்று காட்டும் கணுக்கால்–கை அழுத்த விகிதம், சர்க்கரை இருப்பதால் பாதத்தில் 10 கிராம் மோனோஃபிலமென்ட் சோதனை (மெல்லிய இழையால் தொட்டு உணர்ச்சியைப் பார்ப்பது). விகிதம் வலது 1.08, இடது 1.05, இரண்டும் இயல்பு. உணர்ச்சியும் இயல்பு. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்போம். மரப்பை உணர முடியாதவருக்குப் பட்டை கட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டுவது மாதிரி.

இடது கெண்டைக்காலில் சுருண்ட சிரைகள் தெரிந்தன. "இருபது வருஷமா நின்னே சமைக்கிறேன், எல்லாருக்கும் இருக்கிறதுதானே" என்றார். ஸ்கேனில் உறைவு இல்லை, ஆனால் வால்வுகள் கசிந்தன. மருத்துவருடன் பேசி, இடது காலுக்குப் பட்டையே வேண்டாம், வலதுக்கு மட்டும் என்று முடிவெடுத்தோம். இடது காலுக்கு வழக்கமான எடைப் பயிற்சி தொடர்ந்தது. அது அந்த எடையைத் தாங்கிக்கொண்டுதான் இருந்தது.

அழுத்தத்தை அளந்த விதம்

எத்தனை மி.மீ. பாதரசம் ஏற்றுவது என்பதற்குப் பொதுவான எண் கிடையாது. இணையத்தில் 150, 180 என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு அது ஒன்றுமில்லை, இன்னொருவருக்குக் கால் முழுவதும் அடைபட்டுவிடும். முதலில் அந்த ஆளுக்கு, அந்தப் பட்டையில், அந்த நிலையில் தமனி முற்றிலும் அடைபடும் அழுத்தத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அதில் 40 முதல் 80 விழுக்காடு வரை பயிற்சிக்கு வைப்பது என்பதுதான் 2019இல் இத்துறை ஆய்வாளர்கள் கூடி வெளியிட்ட வழிகாட்டுதல்.

செய்முறை: பட்டையைத் தொடை இடுக்கை ஒட்டிக் கட்டினோம், அடியில் இரண்டு விரல் நுழையும் தளர்வில். உட்கணுவுக்குப் பின்னால் ஜெல் தடவி, ரத்த ஓட்டத்தை ஒலியாகக் கேட்கவைக்கும் கையடக்க டாப்ளர் கருவியின் முனையைச் சாய்த்து வைத்து, நாடியின் 'ஷ்… ஷ்…' ஒலி தெளிவாகக் கேட்கும் இடத்தைப் பிடித்தோம். பட்டையில் காற்றை மெல்ல ஏற்றினோம். ஒலி முற்றிலும் நின்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, காற்றை விட்டு, ஒலி திரும்பும் எண்ணையும் சரிபார்த்தோம். மூன்று நிமிட வேலை.

கைவசம் இருந்தவை 11 செ.மீ. அகலப் பட்டை ஒன்று, 18 செ.மீ. ஒன்று. முதலில் எடுத்தது 11 செ.மீ. படுத்த நிலையில் 184, உட்கார்ந்த நிலையில் 210 மி.மீ. ஒரே கால், ஒரே பட்டை, ஐந்து நிமிட இடைவெளி, 26 மி.மீ. வித்தியாசம். பயிற்சி உட்கார்ந்து செய்வது என்பதால் 210ஐயே எடுத்து, தொடக்கமாக அதன் 50 விழுக்காடு, 105 மி.மீ. என்று வைத்தோம்.

எடையைக் கணக்கிட்டது

அதிகபட்ச எடையை நேரடியாகத் தூக்கச் சொல்ல முடியாது. மூட்டு மறுநாளே பதில் சொல்லிவிடும். 4 கிலோவை வலி எழும் முன் எத்தனை முறை நீட்ட முடிகிறது என்று பார்த்தோம்: 8. எப்லி வாய்ப்பாட்டில், அதாவது எண்ணிக்கையை 30ஆல் வகுத்து 1 கூட்டி எடையால் பெருக்கினால், ஏறத்தாழ 5 கிலோ. அதில் 30 விழுக்காடு ஒன்றரைக் கிலோ. காலின் சொந்த எடையும் தூக்கப்படுகிறது என்பதால் இது தோராயம்தான். ஆனால் 1.5க்கும் 2க்கும் இடையில் தடுமாறும்போது குறைந்ததை எடுப்பது நல்லது. பட்டை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

எண்ணிக்கை 30, 15, 15, 15. நடுவே 30 வினாடி ஓய்வு, ஓய்விலும் காற்றை விடுவதில்லை. இரண்டு வினாடியில் நீட்டி, இரண்டு வினாடியில் இறக்கினால் மொத்தம் ஆறரை நிமிடம் பட்டை இறுகியிருக்கும். சில்லுக்கு அடியில் உராய்வு இருந்ததால் முழுக்க நீட்ட விடாமல் கடைசி 20 பாகையை விட்டுவிட்டோம். முதல் நாள் 30, 15 என்று இரண்டு சுற்றோடு நிறுத்தம். பழக்கமில்லாத தசையை முதல் நாளே பிழிந்தால் தசைச் சிதைவு வரலாம். சிறுநீர் டீ டிகாஷன் நிறத்தில் போனாலோ, கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதியும் கொடுத்தோம்.

ரத்த அழுத்தம் 160/100க்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி இல்லை; நடுவில் மேல் அளவு 180ஐத் தொட்டால் காற்றை விட வேண்டும். இது நாங்கள் வகுத்துக்கொண்ட வரம்பு. முதல் நாள் இரண்டாம் சுற்று முடிவில் 164/90 இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் நீட்டினார். நீட்டும்போது வாய்விட்டு எண்ணச் சொன்னதும் அடுத்த நாள் 150க்குள் வந்தது. எண்ணிக்கொண்டே மூச்சைப் பிடிக்க முடியாது.

சொற்களைப் பிரித்துக்கொண்டது

பயிற்சியின்போது எந்த உணர்வு சரி, எது தவறு என்பதை நோயாளியின் வாயில் வரும் சொல்லை வைத்தே பிரித்துக்கொண்டோம். அளவுகோல் எண்களைவிட இது நன்றாக உதவியது. 'எரியுது', 'கடுக்குது', 'தொடை கனக்குது', 'பட்டை பிடிக்குது' என்றால் தொடரலாம். இந்தப் பயிற்சியில் கடுப்பு வராவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும். 'மரத்துப்போச்சு', 'ஊசி குத்துது', 'ஜிவ்வுனு இழுக்குது' என்றால் உடனே காற்றை விட வேண்டும். 'முழங்கால் குத்துது' என்றால் எடையையோ நீட்டும் அளவையோ குறைக்க வேண்டும். அது பட்டையின் குற்றமில்லை. இதை அவருக்கும் உதவியாளருக்கும் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம்.

பாதத்தையும் பார்க்க வேண்டும். செம்மை கலந்து லேசாக நீலம் பாரித்தால் சிரை ரத்தம் தேங்குகிறது என்று பொருள், எதிர்பார்த்ததுதான். வெளுத்தால் தமனி அடைபடுகிறது. பெருவிரல் நகத்தை அழுத்திவிட்டால் மூன்று வினாடிக்குள் நிறம் திரும்ப வேண்டும்.

ஐந்தாம் அமர்வு: பட்டை மாறிய நாள்

முதல் நான்கு அமர்வுகளில் ஒரே ஒரு குறை: சுடிதார் பேன்ட்டின் தையல் பட்டைக்கு அடியில் சிக்கி, தொடையில் அதே கோட்டில் ரத்தம் கட்டியது. அதன்பின் தையலில்லாத பருத்தித் துணி உறை ஒன்றைப் போட்டு அதன்மேல் கட்டினோம்.

ஐந்தாம் நாள் 11 செ.மீ. பட்டையின் குழாய் இணைப்பில் காற்று கசிந்தது. உதவியாளர் 18 செ.மீ. பட்டையை எடுத்துக் கட்டினார். பதிவு அட்டையில் 'அழுத்தம் 105' என்று இருந்தது, 105 ஏற்றினார். முதல் சுற்றில் 22ஆவது எண்ணிக்கையில் நோயாளி நிறுத்தினார். "சார், காலு என்னுதே இல்லாத மாதிரி இருக்கு" என்றார். கடுப்பு என்று அவர் சொல்லவில்லை. பாதம் வெளுத்திருந்தது, நகத்தில் நிறம் திரும்ப நான்கு வினாடிக்கு மேல் ஆனது. காற்றை விட்டுக் காலை உயர்த்தி வைத்தோம். நான்கு நிமிடத்தில் உணர்ச்சி முழுதாகத் திரும்பியது. விரல்களையும் பாதத்தையும் மேலே தூக்கச் சொல்லி நரம்பு பாதிக்கப்படவில்லை என்று உறுதிசெய்துகொண்டோம். அன்று பயிற்சி அத்தோடு முடிந்தது. மறுநாள் தொலைபேசியில் விசாரித்தோம்; தொந்தரவு இல்லை.

காரணம் அகலம். பட்டை அகலமாக இருந்தால் அழுத்தம் ஆழம்வரை சீராக இறங்கும். தமனியை அடைக்கக் குறைந்த அழுத்தமே போதும். அடுத்த அமர்வில் அளந்தபோது 18 செ.மீ. பட்டையில் அவருக்கு முழு அடைப்பு 150 மி.மீ. மட்டுமே. ஆக, 50 விழுக்காடு என்று நினைத்து 70 விழுக்காடு ஏற்றியிருக்கிறோம். 70 என்பது வழிகாட்டுதலின் வரம்புக்குள்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது வாரத்தில் இருப்பவருக்கு ஒரே தாவலில் வரக்கூடிய எண் அல்ல. அதோடு எங்களுடையது கையால் காற்றடிக்கும் வகை. தொடைத் தசை இறுகும்போது பருக்கும். முள் அந்த நொடி 20, 25 மி.மீ. மேலே போய் இறங்கும். தானே சரிசெய்துகொள்ளும் கருவிகளில் இது சமன்படும், கையடிக் கருவியில் படாது. 70 விழுக்காட்டோடு இந்தத் தாவலும் சேர்ந்தால் முழு அடைப்புக்குப் பக்கத்தில் போய்விடும்.

உதவியாளர்மேல் பழி போடுவதில் பொருளில்லை. அட்டையில் அழுத்தத்துக்கு மட்டும் கட்டம் இருந்தது, பட்டைக்கு இல்லை. அன்றே அட்டையை மாற்றினோம்: பட்டையின் அகலம், உடல் நிலை, இன்று அளந்த முழு அடைப்பு, விழுக்காடு, ஏற்ற வேண்டிய அழுத்தம் என்று ஐந்து கட்டம். முதல் நான்கும் நிரம்பாமல் ஐந்தாவதை எழுதக்கூடாது. முந்தைய நாளின் எண்ணைப் பார்த்து எழுதவும் கூடாது. ஒவ்வொரு அமர்விலும் டாப்ளர் வைத்தே அளப்பது. பிந்தைய வாரங்களில் அவருடைய முழு அடைப்பு 144க்கும் 156க்கும் இடையே ஏறி இறங்கியது. இரு பட்டைகளில் 18 செ.மீ. அகலத்தையே நிரந்தரமாக வைத்துக்கொண்டோம். குறைந்த அழுத்தத்தில் வேலை முடிகிறது, தொடையில் வெட்டுவதுபோல் பிடிப்பதும் இல்லை.

மூன்றாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை

வாரம் மூன்று அமர்வுகள். திட்டமிட்டவை 24, வந்தவை 21. மூன்றாம் வாரம் 60 விழுக்காட்டுக்கு, அதாவது சுமார் 90 மி.மீ.க்கு ஏற்றினோம். 75 எண்ணிக்கையும் முடிந்து, கடினம் பத்துக்கு 6க்குக் கீழ் என்று இரண்டு அமர்வுகள் தொடர்ந்து சொன்னால் அரைக் கிலோ கூட்டுவது. அப்படி மூன்றாம் வாரம் 2 கிலோ, ஆறாம் வாரம் 2.5, எட்டாம் வாரம் 3. முன்பு இதே 3 கிலோதான் மூட்டை வீங்க வைத்த எல்லை. எட்டாம் வாரம் அதைப் பட்டையோடு தூக்கியபோது மறுநாள் வீக்கம் இல்லை.

நான்காம் வாரம் பட்டையோடு நாற்காலியில் எழுந்து உட்காருவதைச் சேர்த்தோம். 45 செ.மீ. உயர நாற்காலி. மறுநாள் மூட்டில் அலை திரும்பியது. பட்டையை நிறுத்தவில்லை; நாற்காலியின்மேல் பலகை வைத்து 52 செ.மீ. ஆக்கினோம். வீக்கம் வரவில்லை. முழங்கால் மடங்கும் அளவே காரணம் என்று இதிலிருந்து எடுத்துக்கொண்டோம். இரண்டு பயிற்சிகளுக்கு இடையே ஐந்து நிமிடம் காற்றை முழுதாக விட்டோம்.

ஆறாம் வாரம் அவருடைய மகன் இணையத்தில் வாங்கிய கொக்கி வைத்த எலாஸ்டிக் பட்டை ஒன்றைக் கொண்டுவந்தார். வாரம் மூன்று முறை பேருந்தில் வருவது சிரமம், வீட்டிலேயே கட்டிச் செய்யட்டுமே என்றார். நியாயமான கேள்வி. பட்டையின் அகலம் 5 செ.மீ., அழுத்தத்தைப் படிக்க வழியில்லை. குறுகிய பட்டையை இழுத்துக் கட்டினால் அடியில் இருக்கும் நரம்பில்தான் அழுத்தம் குவியும். எவ்வளவு என்பது யாருக்கும் தெரியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ளவருக்கு அதை அனுமதிக்கவில்லை. அமர்வுகளைப் பள்ளி முடிந்ததும் பேருந்து நிலையத்தில் இறங்கியவுடன் வரும்படி மாலைக்கு மாற்றினோம்.

அளவுகள்

எட்டாம் வார முடிவில் வலது 18.3 கிலோ, இடது 22.1. வலது, இடதின் 83 விழுக்காடு. வலது காலின் சொந்த உயர்வு 29 விழுக்காடு. நாற்காலிச் சோதனை 11. படியேறும் வலி 7இலிருந்து 4. தொடைச் சுற்றளவு 46.0இலிருந்து 46.8, டேப்பின் பிழையே அரை செ.மீ. இருக்கும் என்பதால் தசை வளர்ந்தது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டோம்.

இத்தனையும் பட்டையால் வந்தது என்றும் சொல்ல முடியாது. நான்காம் வாரத்தில் அமைப்பாளரிடம் பேசி, அண்டாவை இருவர் சேர்ந்து வடிப்பது என்று ஆக்கிக்கொண்டார். மூட்டுக்கு அது பெரிய ஓய்வு. எடையும் ஒன்றரைக் கிலோ குறைந்தது. ஒரே ஒரு நோயாளியில் இவற்றைப் பிரித்தறிய வழியில்லை.

பட்டையைக் கழற்றியது

ஒன்பதாம் வாரம் பட்டையை நிறுத்தினோம். நன்றாகப் போய்க்கொண்டிருக்கிறதே, ஏன் நிறுத்த வேண்டும் என்று அவரும் கேட்டார். பிரேசில் ஆய்வில் பட்டையும் கன எடையும் ஏறக்குறைய சமமாக வந்தாலும், தசை–மூட்டு நோயாளிகள் பற்றி 2017இல் தொகுத்த ஆய்வுகளின்படி, இந்த முறை வெறும் குறைந்த எடைப் பயிற்சியைவிட அதிக பலம் தருகிறது. கன எடைப் பயிற்சியைவிடக் குறைவாகவே தருகிறது. அண்டா ஒன்றரைக் கிலோ இல்லை. கனமான எடையைத் தாங்கும் நிலைக்கு மூட்டைக் கொண்டுவருவதுவரைதான் பட்டையின் வேலை.

3 கிலோவில் பட்டையில்லாமல் மூன்று சுற்று, சுற்றுக்குப் பத்து. வாரம் அரைக் கிலோ. மறுநாள் அலை திரும்பினால் ஒரு படி பின்வாங்குவது. பன்னிரண்டாம் வாரம் ஒருமுறை அப்படி நேர்ந்தது. பதினான்காம் வாரம் 5 கிலோ. அதோடு 15 செ.மீ. படியில் ஏறுவது, கையில் 4 கிலோ வைத்துக்கொண்டு எழுந்து உட்காருவது.

பதினான்காம் வார முடிவு: வலது 20.4 கிலோ, இடது 23.0, விகிதம் 89 விழுக்காடு. நாற்காலிச் சோதனை 12. பேருந்துப் படியில் வலது காலை முன்வைத்து, கம்பியைப் பிடித்து ஏறுகிறார். தரையில் இருந்து எழ இன்னும் ஒரு முக்காலி தேவை, ஆள் தேவையில்லை. சம்மணமிட்டு நெடுநேரம் இருக்க முடியவில்லை, குந்தி உட்காரவும் முடியவில்லை. அவற்றை நாங்கள் இலக்காக வைக்கவும் இல்லை. எக்ஸ்ரே எப்படியிருந்ததோ அப்படித்தான் இருக்கும்.

இனி மாற்றிச் செய்ய வேண்டியவை

எட்டு வாரத்தை வழக்கமான பயிற்சியில் கழித்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது முறை மூட்டு வீங்கியபோதே, அதாவது நான்காம் வாரத்தில், பட்டைக்கு மாறியிருக்கலாம். மூன்றாவது வீக்கம் தேவையற்றது; அதனால் வந்த விடுப்பும் அப்படித்தான்.

எந்தப் பட்டை என்பதை முதல் நாளே முடிவுசெய்து, மற்றதை அந்த அறையிலேயே வைக்கக்கூடாது. இப்போது 11 செ.மீ. பட்டைக்குச் சிவப்பு நாடாவும் 18 செ.மீ. பட்டைக்கு நீல நாடாவும் தைத்திருக்கிறோம். அட்டையும் அதே நிறத்தில். எழுந்து உட்காரும் பயிற்சிக்கு நின்ற நிலையில் தனியாக அளந்திருக்க வேண்டும். உட்கார்ந்த அளவையே பயன்படுத்திவிட்டோம். நிற்கும்போது முழு அடைப்பு அழுத்தம் கூடும் என்பதால் இதில் ஆபத்து இல்லை. ஆனால் நினைத்ததைவிடக் குறைந்த கட்டுப்பாட்டில்தான் அந்தப் பயிற்சி நடந்திருக்கிறது.

ஆறு மாதம் கழித்து

பள்ளிக் கோடை விடுமுறையில் பயிற்சியை விட்டுவிட்டார். ஜூனில் வந்தபோது வலது 18.9 கிலோ. நாற்காலிச் சோதனை 11. வீக்கம் இல்லை. பட்டையைத் திரும்பக் கட்டவில்லை. 4 கிலோவிலிருந்து மூட்டு தாங்கியதால் தேவைப்படவில்லை. மணல் பைக்குப் பதிலாக, வீட்டில் இருக்கும் துணிப்பையில் இரண்டு கிலோ அரிசிப் பொட்டலம் இரண்டைப் போட்டுக் கணுக்காலில் மாட்டிச் செய்யக் கற்றுக்கொடுத்தோம். வாரம் இருமுறை. அடுத்த அளவு தீபாவளி கழிந்து.